ஔலோஸ்: ‘புல்லாங்குழல்’ வேண்டாம், ‘இணைநாயனம்’ வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் தொன்மக் கதைகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘ஔலோஸ்’ என்ற பழைய கிரேக்க ஊதுகருவிக்கு நேரே இன்னும் ‘புல்லாங்குழல்’ என்றே இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையையே பாருங்கள். வீரன் பெர்சியஸ், பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசாவின் தலையை வெட்டியதும் அவள் சகோதரி யூரியாலி ஓலமிட்டு அழுகிறாள். அந்த அழுகையை இசையில் பிடிக்கத்தான் அதீனா தேவி ஔலோஸைப் படைத்தாள் என்கிறார் கிரேக்கக் கவிஞர் பிண்டார். கி.மு. 490இல் டெல்ஃபி போட்டியில் ஔலோஸ் வாசித்து வென்ற மிடாஸ் என்ற கலைஞருக்கு அவர் பாடிய பாட்டில் இது வருகிறது. இன்னொரு கதையில், வாசித்துக்கொண்டிருக்கும்போது அதீனா தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறாள். கன்னம் இரண்டும் உப்பி முகமே மாறிக் கிடக்கிறது. கருவியை வீசி எறிகிறாள். அதை மர்சியாஸ் என்ற வனவாசி எடுத்து வாசிக்கப் பழகி, இசைக் கடவுள் அப்போலோவோடு போட்டிக்குப் போய், தோற்று, தோல் உரிக்கப்படுகிறான்.

இந்த இடத்தில் ‘புல்லாங்குழல்’ என்று போட்டுப் படித்தால் கதை நிற்கவில்லை. புல்லாங்குழல் ஊதினால் யாருக்குக் கன்னம் உப்புகிறது? நம் வாசகர் மனத்தில் கண்ணன் வந்து நிற்பான். அதீனா ஏன் எறிந்தாள் என்பது புரியாது. கல்யாண வீட்டில் நாயனக்காரருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவருக்கோ விளக்கமே வேண்டாம்.

ஔலோஸ் அப்படிப்பட்ட கருவிதான். இரண்டு குழல்கள், கைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீவாளி, அதாவது ஊதும்போது வாயில் அதிரும் நாணல் துண்டு. இரண்டு சீவாளிகளும் ஒரே நேரத்தில் வாய்க்குள் இருக்கும். கன்னத்துக்குத் தாங்கலாகத் தோல்வார் கட்டி வாசிப்பவர்களும் உண்டு.

போன மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்:

> நாணலும் புல்தானே? ‘புறக்காழனவே புல்லென மொழிப’ என்று தொல்காப்பியமே சொல்கிறது. நாணலில் செய்த குழல் புல்லாங்குழல் ஆகாதா?

நல்ல கேள்வி. சொல்லின் வேரைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் ஔலோஸின் உடல் எலும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் கூடச் செய்யப்பட்டது. நாணல் கட்டாயமாகத் தேவைப்பட்டது சீவாளிக்கு. ‘ரீட்’ என்று வரும் இடமெல்லாம் நம் அகராதிகள் ‘நாணல்’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. செடிக்கு நாணல், வாயில் அதிரும் உறுப்புக்குச் சீவாளி என்று நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கும்போது ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணலில் சீவாளி செய்பவர்கள் தந்த சொல் அது.

ஔலோஸ் சீவாளிக்கான நாணலைப் பற்றிக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் தன் செடியியல் நூலின் நான்காம் பகுதியில் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் ‘இணை’ என்ற முன்னொட்டு எனக்கு உறுதியானது. கிரேக்கத்தின் பியோஷியாப் பகுதியில் ஒர்கோமெனஸ் நகரை ஒட்டிய கோபாயிஸ் ஏரியில் அது விளைந்தது. (ஏரி பின்னாளில் வடிக்கப்பட்டு இப்போது வயல்வெளி.) பழைய நேர்வாசிப்புக்கு செப்டம்பர் வாக்கில் அறுப்பார்களாம், அது பதமாகி வாசிக்க வருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். குழைத்து வாசிக்கும் புதிய பாணி வந்ததும் அறுப்பைக் கோடைக்கு மாற்றினார்கள், மூன்றே ஆண்டில் சீவாளி தயார். வாசிக்கும் முறை மாறியதால் அறுவடை மாதம் மாறியிருக்கிறது!

அப்புறம் வெட்டும் முறை. தட்டையின் நடுப்பகுதியில் ஒரு கணுவிடையை (இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள துண்டை) எடுத்து இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டுவாய்தான் இரண்டு சீவாளிக்கும் வாய். வேர்ப்பக்கத் துண்டு இடது குழலுக்கு, குருத்துப்பக்கத் துண்டு வலது குழலுக்கு. வேறு வேறு கணுவிடையிலிருந்து எடுத்தால் இரண்டும் சுதி சேராது. இந்த ஜோடிக்குக் கிரேக்கத்தில் ‘செயுகோஸ்’ என்று பெயர். ஒரு நுகத்தில் பூட்டிய இரட்டை என்று பொருள். நாம் ‘இணை’ என்பது இதைத்தான். ‘இரட்டை’ என்றால் எண்ணிக்கை மட்டுமே வருகிறது, ஒன்றுக்கொன்று பொருந்தியது என்பது வருவதில்லை.

பிண்டார் இதே நாணலை, கெஃபிசஸ் ஆற்றுத் தேவதையின் புனித வளாகத்தில் வளர்ந்து ஆடுவோருக்குச் சாட்சியாக நிற்பது என்கிறார். புனிதச் செடிகள் பிரிவில் இதைச் சேர்க்கலாம்.

மருத்துவப் பிரிவிலும் ஒரு குறிப்பு உண்டு. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் சயாட்டிகா வலிக்கு, வலிக்கும் இடத்தின் மேல் ஃபிரிஜியப் பண்ணில் ஔலோஸ் வாசித்தால் தீரும் என்று தியோபிராஸ்டஸ் சொன்னதாகப் பிற்கால எழுத்தாளர் அதினேயஸ் எழுதியிருக்கிறார். உண்மையில் தீருமா என்பது வேறு பேச்சு. ஆனால் உடம்பின் மேல் விழும் சீவாளியின் அதிர்வை நினைத்துக்கொண்டால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது.

‘நாயனம்’ என்பதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வந்தன. ஒன்று, நாயனத்தின் துளை கீழே போகப் போக விரியும், ஔலோஸின் துளை பெரும்பாலும் ஒரே அளவு. உண்மைதான், ஒலியும் அதனால் இன்னும் தாழ்வாக இருக்கும். ஆனாலும் புல்லாங்குழலைவிட இது எவ்வளவோ பக்கம். இரண்டாவது, நாயனம் மங்கல வாத்தியம், கோயில் வாசனை வந்துவிடும் என்பது. ஔலோஸும் பலிபூசையில் ஒலித்த கருவிதான். பாரசீகர் ஔலோஸ் இல்லாமல் பலியிடுகிறார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தனியாகக் குறித்து வைக்கிறார். சாவு வீட்டிலும் நாடகத்திலும் போர்க்கப்பல் துடுப்போட்டத்திலும் கூட வாசித்தார்கள் என்பதை விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆடு மேய்ப்பர்களின் கடவுளான பானின் ‘சிரிங்ஸ்’ என்ற ஊதுகருவி சீவாளி இல்லாதது, வாயோரத்தில் ஊதுவது. அதற்குக் குழல் பொருந்தும்: ‘அடுக்குக்குழல்’.

ஆக என் பரிந்துரை: ஔலோஸ் – இணைநாயனம், செயுகோஸ் – இணைச்சீவாளி, கன்னத்தில் கட்டும் ‘ஃபோர்பையா’ – கன்னவார்.

‘கணுவிடை’ மட்டும் எனக்குப் பாடப்புத்தகச் சொல்லாகத் தெரிகிறது. திருவாவடுதுறைப் பக்கம் சீவாளி செய்பவர்களைத் தெரிந்தவர்கள், கொறுக்கையில் இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள துண்டை அவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம்.