குடியரசும் மக்களாட்சியும் ஒன்றா?

தண்டையார்பேட்டை வாசகர் (கேள்வி):
ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்று ஆண்டுக்கு இருமுறை கொடியேற்றுவானேன் என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். சுதந்திர நாள், குடியரசு நாள் என்று பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். குடியரசும் மக்களாட்சியும் ஒன்றுதானே என்று அவள் அடுத்துக் கேட்டபோது விடை தெரியாமல் விழித்தேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ராயபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஒன்றல்ல, ஐயா. நாட்டின் தலைமைப் பதவி பிறப்புரிமையாக வருவதில்லை என்பதைக் குடியரசு என்னும் சொல் குறிக்கிறது. ஆளும் அதிகாரம் மக்களின் வாக்கிலிருந்து வருவதை மக்களாட்சி என்கிறோம். 1947-இல் ஆட்சி நம் கைக்கு வந்த பிறகும், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 வரை, சட்டப்படி ஆறாம் ஜார்ஜ் மன்னரே நமக்கு அரசர். ஆகவேதான் ராஜாஜி அரசரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலாக இருந்தார், அவருக்குப் பின் ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். பிரிட்டனும் ஜப்பானும் இன்றும் மக்களாட்சி நாடுகள், ஆனால் முடியாட்சியைக் கைவிடாதவை. வட கொரியாவோ தன் பெயரிலேயே மக்களாட்சி, குடியரசு இரண்டையும் சேர்த்துக்கொண்டு, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தால் ஆளப்படுகிறது.

பெரம்பூர் வாசகர்:
உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி அல்லவா?

ராயபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பெருமைப்பட வேண்டியதுதான், ஆனால் அந்தப் பெயரைச் சூட்ட நான் தயங்குவேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70-க்குள் உள்ளவர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. குடத்திலிட்ட அவ்வோலைகளில் ஒன்றை ஒரு சிறுவன் எடுத்தான். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றைக்கும் பொறாமைப்படத்தக்கது. ஆயினும் நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை, மேலே அரசனும் இருந்தான். முடியாட்சிக்குள் அமைந்த ஊர்த் தன்னாட்சி என்பதே பொருந்தும்.

தண்டையார்பேட்டை வாசகர்:
மிக்க நன்றி, ஐயா. இதைப் படித்துக் காட்டியதும், பாரிமுனைக்குப் போகும் வழியில் நாம் கடக்கும் ஜார்ஜ் டவுன் அந்த அரசர் பெயர்தானா என்கிறாள்.

ராயபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
இல்லை, அவருடைய தந்தை ஐந்தாம் ஜார்ஜின் பெயர். கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் அழைத்துவந்த பகுதிக்கு அவர் பெயரைப் பின்னர் இட்டார்கள்.