மிடி ட்ராக்: ‘சுரத்தடம்’ வேண்டாம், ‘வாசிப்புத்தடம்’ என்போமா?

வணக்கம் நண்பர்களே, இசை மென்பொருளின் தமிழாக்கத்துக்காக வந்த கேள்வி இது:

> ஆடியோ ட்ராக் = ஒலித்தடம், மிடி ட்ராக் = சுரத்தடம். எல்லாருக்கும் சம்மதமா?

ஒலித்தடம் சரி. இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். இசை மென்பொருளை முதன்முதலாகத் திறப்பவர்கள் தடுமாறும் இடம் அது.

நானும் தடுமாறியவன்தான். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து, ஒரு மெட்டைக் கட்டம் கட்டமாக வரைந்து, மிடி கோப்பாகச் சேமித்தேன். மறுநாள் வேறு கணினியில் திறந்தால், நான் தேடித் தேடி வைத்த வீணை ஒலியைக் காணோம். அதே மெட்டு பியானோவில் கேட்டது. கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மிடியில் ஒலியே கிடையாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த நெறிமுறை; அது பதிந்துவைப்பது பெரும்பாலும் இதைத்தான். பியானோவின் நடுவிலுள்ள ‘சி’ கட்டை என்றால் 60. அழுத்திய வேகத்துக்கு 127 வரை ஓர் எண். இந்த எண்களை வாங்கி ஒலியாகக் கொடுப்பது கருவிச் செருகுநிரலின் (மென்பொருளுக்குள் இசைக்கருவியாக இயங்கும் துணை நிரலின்) வேலை. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி சுமார் 10 எம்பி பிடிக்கும். ஒரு நிமிட மிடிக்குப் பெரும்பாலும் சில கேபி போதும்.

இப்போது ‘சுரத்தடம்’ எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று வகுத்த ‘ஜெனரல் மிடி’ தரத்தில் தாளத்துக்கென்று ஒதுக்கிய 10ஆம் சேனலில் 36 என்ற எண் பேஸ் டிரம். அங்கே சுரம் ஏது? அடுத்தது கமகம். அதைப் பெரும்பாலும் சுரத்தின் உயரத்தை வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’ செய்தியால் கொண்டுவருகிறோம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும் அந்த அசைவும் இதே தடத்தில்தான் பதிவாகிறது. ‘சுரம்’ என்று பெயர் வைத்தால் இரண்டும் வெளியே நிற்கின்றன.

என் பரிந்துரை: வாசிப்புத்தடம்.

வீணை வாசிக்கிறோம், மிருதங்கம் வாசிக்கிறோம், எழுதியதையும் வாசிக்கிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே வினை. மிடி செய்வதும் இந்த இரண்டும்தான்: விரல் வாசித்ததைக் குறித்துவைக்கிறது, அப்புறம் செருகுநிரல் அந்தக் குறிப்பை வாசித்து ஒலி எழுப்புகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல் கையில் இருக்கும்போது விட்டுவிட எனக்கு மனமில்லை.

‘சுட்டியால் வரைந்தால் அதை யார் வாசித்தது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெட்டைக் கட்டம் கட்டமாக வரையும் அந்தச் சாளரத்துக்குப் ‘பியானோ ரோல்’ என்ற பெயர் தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து வந்தது. அந்தச் சுருள்களிலும் பல, யாரும் வாசிக்காமல் கையால் அளந்து துளையிட்டவை. காகிதத்தில் ஒலி இல்லை. பியானோதான் அதை வாசித்தது. ஆகவே அந்தச் சாளரத்துக்கு ‘வாசிப்புச் சுருள்’ என்றே வைத்துவிடலாம்.

‘மிடி’ என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை. கோப்பு வகை, கேபிள், செருகுவாய் எல்லாவற்றிலும் அதுவே இருக்கட்டும். தடத்தின் பெயர் மட்டும் மாறினால் போதும்.

மென்பொருளின் மெனுப் பட்டியில் வைத்துப் பார்த்தேன்: ‘புதிய ஒலித்தடம்’, ‘புதிய வாசிப்புத்தடம்’. மிடியை ஆடியோவாக மாற்றும் கட்டளைக்கு ‘வாசிப்பை ஒலியாக்கு’. அன்றிரவு இந்தக் கட்டளை தமிழில் என் கண்ணில் பட்டிருந்தால், வீணையை ஒலியாக்கியே எடுத்துப் போயிருப்பேன்.