அணுத்துணிக்கைகளின் ஏற்றத்துக்கு ஒரு சொல்: தன்னேற்றமா, இயலேற்றமா?

வணக்கம் ரீச்சர்,

இலத்திரன், புரோத்தன் போன்ற துணிக்கைகளுக்கு உரிய மின்னேற்றத்துக்கு நீங்கள் சொன்ன 'தன்னேற்றம்' சுருக்கமான சொல்தான். ஆனால் உயர்தரப் பௌதிகத்தில் 'தன் தூண்டல்' ஏற்கெனவே இருக்கிறது. அங்கே 'தன்' என்றால், மின்னோட்டம் மாறும்போது கம்பிச் சுருள் தன்னிலேயே மின்னியக்க விசையைத் தூண்டுவது. அதைப் படித்த பிள்ளை தன்னேற்றத்தைத் தானாக ஏற்றம் பெறுவது என்றுதான் விளங்கிக்கொள்ளும். இயலேற்றம் என்று வைப்போம்: துணிக்கையின் இயல்பிலேயே உள்ள ஏற்றம்.

தனிச்சொல் கட்டாயம் வேண்டும். பரந்தனிலோ முள்ளியவளையிலோ 'ஏற்றம்' என்றதும் பிள்ளைக்கு மனதில் வருவது உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடை ஏற்றுவது. இறக்கினாலும் பெட்டி பெட்டிதான். கம்பளியில் உரோஞ்சிய எபோனைற்றுக் கோலுக்கு இந்த விளக்கம் பொருந்தும். இலத்திரன்கள் வந்து சேர்ந்தன, பிறகு போகவும் கூடும். இலத்திரனுக்குப் பொருந்தாது. அதன் −1.602 × 10⁻¹⁹ கூலோமை ஒருவரும் ஏற்றவில்லை, இறக்கவும் ஏலாது.

பற்றறியில் குழப்பம் இன்னும் கூடுகிறது. சார்ஜ் போடுவதையும் 'ஏற்றல்' என்றே எழுதுகிறோம். ஏற்றி முடித்த பற்றறியின் தேறிய ஏற்றமோ, அதாவது நேரையும் மறையையும் கூட்டினால் வருவதோ, பூச்சியம். ஒரு முடிவிடத்தால் எத்தனை இலத்திரன் உள்ளே போனதோ, அத்தனை மற்றதால் வெளியே வருகிறது. கூடினது இரசாயனச் சக்தி மட்டுமே. இரசாயனவியலில் 'ஒட்சியேற்ற எண்' வேறு. அது பிணைப்பு இலத்திரன்களை ஓர் அணுவுக்கே உரியதாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் எண், உண்மையான ஏற்றம் அல்ல. நீரில் ஒட்சிசனுக்கு அது −2. அதைப் பார்த்து அங்கே ஒட்சைட்டு அயன் இருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

அலகையும் வரையறைக்குள்ளேயே வைக்க வேண்டும். புரோத்தன் +1, இலத்திரன் −1 என்று மனப்பாடம் செய்தவர்கள் இரு ஏற்றங்களுக்கு இடையிலான விசையைத் தரும் கூலோமின் விதியில் 1 ஐ அப்படியே போடுகிறார்கள். ஐதரசன் அணுவில், ஆரை 5.3 × 10⁻¹¹ மீற்றருக்கு, விசை 8.2 × 10⁻⁸ நியூற்றன் வரவேண்டும். அவர்களுக்கு 10³⁰ நியூற்றனுக்கு மேல் வருகிறது.

---

சேர், தன் தூண்டல் பற்றிச் சொன்னது சரி. இயலேற்றத்தில் எனக்கு இரண்டு இடம் உறுத்துகிறது.

'நேர்' சேர்த்தால் 'நேரியலேற்றம்' ஆகிவிடும். தமிழ்நாட்டு நூல்களில் 'நேரியல் சமன்பாடு' படித்தவர் அதைக் கோட்டில் பரவிய ஏற்றம் என்று வாசிப்பார். ஆகவே குறியைப் பின்னால் வைப்போம்: 'இயலேற்றம் நேர்', 'இயலேற்றம் மறை'. பொருள்களுக்கு நேரேற்றம், மறையேற்றம் இருக்கட்டும்.

அடுத்தது நியூத்திரன். அதன் 0, உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற சிறிய துணிக்கைகளின் ஏற்றங்களது கூட்டுத்தொகை: மேல் குவார்க்கு ஒன்று +⅔, கீழ் குவார்க்கு இரண்டு −⅓ வீதம். புரோத்தனின் +1 உம் அப்படித்தான், ⅔ + ⅔ − ⅓. இயல்பிலேயே உள்ளது என்று மட்டும் எழுதினால், எதன் இயல்பு என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். என் வரையறை இது:

இயலேற்றம்: ஒரு துணிக்கையை உட்கூறுகளாகப் பிரிக்காமல் முழுதாக எடுக்கும்போது அதற்குரிய மாறாத ஏற்றம். அலகு கூலோம், 1.602 × 10⁻¹⁹ கூலோமின் மடங்காக எழுதினால் அதை அருகிலேயே குறிக்க வேண்டும்.

அயனுக்கு இந்தச் சொல் வேண்டாம். சோடியம் அயனின் +1, 11 புரோத்தனுக்கும் 10 இலத்திரனுக்கும் உள்ள வித்தியாசம். அது தேறிய ஏற்றம்.