கோர்ட் சீன்ல பல்டி அடிக்கற வேலைக்காரப் பொண்ணு ரோல், எப்படி நடிக்கறது?

கேகேநகர்_யாழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் முடிஞ்சு வர்ற பத்து பேர் சேர்ந்து கே.கே.நகர்ல ஒரு மொட்டை மாடியில ரிகர்சல் பண்றோம், இந்த தடவை எடுத்துருக்கறது 1692ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் சேலத்துல நடந்த சூனியக்காரி வழக்கு (நம்ம சேலம் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு). அந்தக் கால கோர்ட் பதிவுங்க ஆன்லைன்ல கிடைக்குது, அதைப் படிச்சு நாங்களே தமிழ்ல எழுதினோம்.

எனக்கு மேரி வாரன் ரோல். ஜான் ப்ராக்டர் வீட்டு வேலைக்காரி, இருபது வயசு இருக்கும். மத்த பொண்ணுங்களோட சேர்ந்து இவளும் 'சூனியக்காரிங்க எங்களைப் படுத்தறாங்க'ன்னு விழுந்து புரண்டுக்கிட்டு இருந்தவ, ப்ராக்டர் இவளை ராட்டை முன்னாடி உக்கார வெச்சு 'இன்னொரு தடவை விழுந்தா அடி பின்னிடுவேன்'னதும் அது நின்னுடுது. அப்புறம் அந்தப் பொண்ணுங்க பண்றது பாசாங்குன்னு வாய் விட்டுடறா, உடனே அவங்க இவளும் சூனியக்காரிதான்னு இவ பேரையே சொல்லிடறாங்க. ஏப்ரல் 19ஆம் தேதி இவளே குற்றவாளியா நீதிபதிங்க முன்னாடி நிக்கறா. சில நாள்லயே பழையபடி மாறி, சோறு போட்ட ப்ராக்டர் குடும்பத்து மேலயே சாட்சி சொல்றா. எங்க ஸ்கிரிப்ட்ல இது மொத்தமும் பதினோரு நிமிஷத்துல ஒரே சீன்.

போன சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி ஓட்டிப் பார்த்தோம். நான் விழுந்து கத்தினதும் முன்வரிசையில சிரிச்சுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ரெண்டு மாசமா இதைத்தான் நினைச்சுட்டு இருக்கேன். அதைவிட பெரிய பிரச்சனை, உண்மையிலேர்ந்து திரும்ப பொய்க்குப் போற இடம். டைரக்டர் 'நீ முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்து நடிக்கற, அது வெளிய தெரியுது'ங்கறார். சரிதான், ஆனா எப்படி மாத்தறதுன்னு தெரியல. தொண்டையும் மூணு நாளா கரகரன்னு இருக்கு. அடுத்த மாசம் எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ஷோ. ப்ளீஸ், செஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

பழைய_மேடை பதில்:

யாழிம்மா, முப்பது வருஷமா மேடையில இருக்கேன், கூத்துப்பட்டறையில இருந்தவங்ககிட்ட உடம்புப் பயிற்சி கத்துக்கிட்டவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

சிரிப்பு ஏன் வந்துச்சுன்னா, நம்ம ஜனத்துக்கு ஒரு பொண்ணு தலைவிரி கோலமா விழுந்தா அது என்னன்னு பார்த்த உடனே தெரியும், பேய் பிடிச்சுருக்கு. அடுத்து உடுக்கை வரும், வேப்பிலை வரும், பூசாரி 'நீ யாரு, எந்த ஊரு'ன்னு கேப்பார், பேய் தன் பேரைச் சொல்லும், சேவல் குடு போயிடறேன்னு பேரம் பேசும், கடைசியில உச்சிமுடியைப் புளியமரத்துல வெச்சு ஆணி அடிச்சா முடிஞ்சுது. சேலத்துல கேள்வியே வேறம்மா. அங்க நீதிபதி கேக்கறது 'உன்னை யாரு படுத்தறா?'. பதிலா வர்றது பக்கத்து வீட்டுக்காரி பேரு. நம்ம ஊர்ல பேய் தன்னைக் காட்டிக் குடுக்கும், அங்க இந்தப் பொண்ணு அடுத்தவளைக் காட்டிக் குடுக்கறா. அப்போ பயங்கரம் எங்க இருக்கு? விழறதுல இல்ல, விரல் தூக்கற அந்த ஒரு நொடியில. முடியை விரிக்காதே, அந்தக் குல்லாய்க்குள்ளயே இறுக்கிக் கட்டி வை.

அதோட பதிவை மறுபடி படி. அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு 'என்னை மன்னிச்சிடுங்க'ங்கற மாதிரி ஆரம்பிப்பா, விழுவா, திரும்ப எழுந்து பேச வாயெடுப்பா, பல்லு கிட்டிப் போயிடும். அதுதான்மா உன் சீன். கத்தற இடத்தையெல்லாம் எடுத்துட்டு தாடையை மட்டும் வெச்சு பண்ணிப் பாரு. சொல்ல வர்றா, வாய் திறக்க மாட்டேங்குது. அந்த மன்னிப்பு யார்கிட்டன்னு ஒரு நாள் ப்ராக்டரை நினைச்சு சொல்லு, ஒரு நாள் அந்தப் பொண்ணுங்களை, ஒரு நாள் அவளோட செத்துப்போன அம்மாவை. எது உன்னை உலுக்குதோ அதைப் பிடிச்சுக்கோ.

பாட்டுடீச்சர்_மைலாப்பூர் பதில்:

தொண்டை பத்தி மட்டும் சொல்றேன் கண்ணா. மூணு நாள் கரகரப்போட கத்தாதே. ரிகர்சல்ல முழுக் குரல்ல கத்தறது ஒரே ஒரு தடவை போதும், மத்த நேரம் மூச்சை மட்டும் விட்டு அடையாளம் வெச்சுக்கோ. கொட்டாவி விடறப்போ தொண்டை திறக்குமே அந்த நிலையில வெச்சு, வயித்துலேர்ந்து சத்தம் வரணும், கழுத்து நரம்பு புடைச்சா தப்பா பண்றேன்னு அர்த்தம். மரத்துப்போக வைக்கற மாத்திரை சப்பிட்டு மேடை ஏறாதே, வலி தெரியாம போயிடும், காயம் கூடிடும். ரெண்டு மூணு வாரம் தாண்டியும் சரியாகலைன்னா ஈஎன்டி டாக்டரைப் பாரு, தள்ளிப் போடாதே.

வடக்கே_போன_வள்ளி பதில்:

நான் ஆறு வருஷம் ஜார்க்கண்ட்ல கிராமங்கள்ல வேலை பார்த்தேன், இப்போ திருவான்மியூர். இது எனக்குப் பழைய கதையா தெரியல. அங்க 'டாயன்', அதாவது சூனியக்காரின்னு ஒரு பொண்ணைச் சொல்லிட்டா அவ நிலம் போச்சு, மானம் போச்சு, சில சமயம் உயிரும். இதைத் தடுக்க பீகார் 1999ல சட்டம் போட்டுச்சு, ஜார்க்கண்ட் 2001ல. சுட்னி தேவின்னு ஒரு அம்மா, 1995ல சூனியக்காரின்னு பட்டம் கட்டி அடிச்சாங்க, தப்பிச்சு வந்து அதே மாதிரி மாட்டிக்கிட்ட பொண்ணுங்களைக் காப்பாத்தற வேலையை எடுத்துக்கிட்டாங்க, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

நான் பார்த்தவரை பழி சொல்றவங்க கத்தறதில்ல. ரேஷன் கார்டுல பேர் சொல்ற குரல்லதான் சொல்வாங்க. அதைக் கேட்டா முதுகெலும்பு சில்லுனு ஆகும்.

மேரி வாரன் விஷயத்துல ரெண்டு சொல்றேன் யாழி. ஒண்ணு, ஏப்ரல் 19ல இன்னும் ஒருத்தரையும் தூக்குல போடல. கழுத்துல கயிறு விழப் போகுதுன்னு நீ நடிச்சா அது நமக்குத் தெரிஞ்ச முடிவை அவ தலையில ஏத்தறது. அதே நாள் அவளோட விசாரிச்சவங்கள்ல பிரிட்ஜெட் பிஷப் மறுத்தாங்க, ஜூன் 10ல முதல் தூக்கு அவங்களுக்குத்தான். ஜைல்ஸ் கோரி கிழவரும் அன்னிக்கு மறுத்தார், செப்டம்பர்ல கல்லு அடுக்கி நசுக்கினாங்க. அபிகெயில் ஹாப்ஸ் ஒத்துக்கிட்டா, பிழைச்சா. தூக்குல போன 19 பேரும் குற்றத்தை ஒத்துக்காதவங்க இல்லன்னா ஒத்துக்கிட்டு வாபஸ் வாங்கினவங்க. இதெல்லாம் அவளுக்கு அன்னிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது எதிர்ல விழுந்து கிடக்கற சிநேகிதிங்க மட்டும்.

ரெண்டாவது இதைவிட முக்கியம். ஜெயில்ல கூட இருந்தவங்ககிட்ட அவ சொல்லிருக்கா, எனக்கு அப்படி வர்றப்போ தலை கலங்கிப் போயிருந்துச்சு, எதையாவது பார்த்தேனா இல்லையான்னே சொல்லத் தெரியலன்னு. அதைக் கேட்டு வாக்குமூலம் குடுத்தவங்கள்ல மேரி ஈஸ்டியும் ஒருத்தர், அவங்களை செப்டம்பர் 22ல தூக்குல போட்டாங்க. நீ உண்மை ஒரு பக்கம் பொய் ஒரு பக்கம்னு வெச்சுக்கிட்டு தாண்டப் பாக்கற. நடுவுல அவளுக்கே தெரியாத ஒரு இடம் இருக்கு. அங்க நில்லு. ஆனா பழைய_மேடை சார் சொல்ற மாதிரி ரொம்ப இரக்கம் தேடாதே, அவ சாட்சியும் சேர்ந்துதான் ஆகஸ்ட் 19ல ப்ராக்டரைத் தூக்குல கொண்டு போச்சு. ஏப்ரல் 19லேர்ந்து சரியா நாலு மாசம். ஆடியன்ஸ் அவளை மன்னிக்கணும்னு அவசியமில்ல.

பழைய_மேடை பதில்:

வள்ளிம்மா சொல்றது சரி, நான் இரக்கம்னு சொல்ல வரல, ஆனா அந்த வாசனை இருந்துச்சு, ஏத்துக்கறேன். அந்த 'பார்த்தேனா இல்லையா' வரியை சீன்ல வைங்கப்பா.

கேகேநகர்_யாழி பதில்:

நேத்து ராத்திரி பண்ணிப் பார்த்தோம். கத்தலை மொத்தமா எடுத்துட்டேன். தாடை மட்டும். 'பார்த்தேனா இல்லையான்னு தெரியல'ங்கற வரியை திரும்பற இடத்துக்கு முன்னாடி வெச்சாங்க, அதைச் சொன்னப்புறம் நிஜமாவே எனக்கு அடுத்து என்னன்னு தெரியல, டயலாக் மறந்துட்டேன்னு நினைச்சு எதிர்ல இருந்த பொண்ணு அடி எடுத்துக் குடுக்கப் பார்த்தா. அப்புறம் எசமானி, அதாவது ப்ராக்டரோட மனைவி பேரை வள்ளி அக்கா சொன்ன மாதிரி சாதாரணமா சொன்னேன், ரேஷன் கடை குரல்ல. எசமானியா நடிக்கற அக்கா ரிகர்சல் முடிஞ்சும் கொஞ்ச நேரம் என்கிட்ட பேசல.

டீச்சர், தொண்டை இப்போ பரவாயில்ல. பழைய_மேடை அண்ணா, ராட்டையை மேடையிலேயே வெச்சு சீன் முழுக்க என் கை அதுலயே இருக்கட்டும்னு டைரக்டர் சொல்றார், பதினோரு நிமிஷம் சுத்தணும். மெட்ராஸ்ல பெரிய சைஸ் ராட்டை வாடகைக்கு எங்க கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?