சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: கமிட் வரலாறு, டேக் எதுவும் தொலையாமல் மாற்றுவது எப்படி?

பில்டுக்காரன் (கேள்வி)

ஜாவா ப்ராஜெக்ட் ஒன்று சப்வெர்ஷனில் (எஸ்விஎன்; கிட் போலவே கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள்) இருக்கிறது. ஏறத்தாழ 14,000 ரிவிஷன் (எண்ணிட்ட மாற்றம்), 30 சொச்சம் பிராஞ்ச் (தனிக் கிளை), 60 டேக் (பெயரிட்டு வைத்த நிலை). இதை கிட்ஹப்பில் பிரைவேட் ரெப்போவாக வைக்க வேண்டும். கோடின் இன்றைய நிலையை மட்டும் ஒரே கமிட்டாக (சேமித்த ஒரு மாற்றமாக) போட்டால் போதும் என்று மேலே சொல்கிறார்கள். ஆனால் பிளேம் (எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டுவது) இல்லாமல் இந்தக் கோடில் கை வைக்க முடியாது.

இப்போது வேலையில் இருப்பவர்களின் பெயரை வைத்து ஆத்தர்ஸ் ஃபைல் (எஸ்விஎன் லாகின் பெயரை கிட் பெயரோடு இணைக்கும் பட்டியல்) எழுதி, எஸ்விஎன் வரலாற்றை கிட்டுக்குக் கொண்டுவரும் கிட் எஸ்விஎன் க்ளோன் ஓட்டினேன். சில நூறு ரிவிஷன் போனதும் 'ஆத்தர் இல்லை' என்று நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, பழைய ரிவிஷன் ஒன்றில் 180 எம்பி டேட்டாபேஸ் டம்ப் வேறு கிடக்கிறது. எதை முதலில் செய்வது?

கிளைமரம்

ஆத்தர் பட்டியலை ஆட்களிடம் கேட்டு எழுதாதீங்க, லாகிலிருந்து எடுங்க. ரெப்போவின் ரூட்டில் (முதன்மைக் கோடு இருக்கும் டிரங்க் ஃபோல்டரில் அல்ல) எஸ்விஎன் லாக்கை கொயட் ஆப்ஷனோடு ஓட்டி, '|' குறியால் பிரித்து, இரண்டாவது பத்தியை சார்ட் செய்து யூனிக்காக்கினால் எல்லாப் பெயரும் வந்துடும். ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கணும்:

லாகின் பெயர் = முழுப் பெயர் <மின்னஞ்சல்>

பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அது வேறு ஆள். ஒரே ஆள் இரண்டு விதமாக லாகின் செய்திருந்தால் இரண்டு வரி வேணும். ஆத்தரே இல்லாத ரிவிஷனுக்கு, லாகில் அடைப்புக்குறிக்குள் வரும் 'நோ ஆத்தர்' என்பதையும் அப்படியே ஒரு வரியாகச் சேர்க்கணும். நின்றுபோன க்ளோனை அழிக்க வேண்டாம். ஃபைலைத் திருத்திவிட்டு, அதே ஃபோல்டரில் கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

நெட்வொர்க் வழியாக ஓட்டினால் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் சர்வரைக் கேட்டுக் கேட்டு நாள்கணக்கில் இழுக்கும். சர்வரில் அனுமதி இருந்தால் எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி எடுங்க. இல்லாவிட்டால் எஸ்விஎன்ஆர்டம்ப்பால் டம்ப் எடுத்து உங்க மெஷினில் லோட் பண்ணி, அந்த லோக்கல் காப்பியிலிருந்து மாற்றுங்க. அப்படிச் செய்யும்போது ரீரைட்-ரூட் ஆப்ஷனில் பழைய சர்வர் முகவரியைக் கொடுக்க மறக்க வேண்டாம். கொடுக்காவிட்டால் கமிட் மெசேஜில் எல்லாம் உங்க டிஸ்க் பாத் ஏறிடும்.

ரீபேஸ்_வேண்டாம்

மேலே சொன்னதோடு ஒன்று. நோ-மெட்டாடேட்டா ஆப்ஷனைப் பல வழிகாட்டிகளில் போட்டிருப்பார்கள். போடாதீர்கள். அதைப் போட்டால் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் வரும் கிட்-எஸ்விஎன்-ஐடி வரி போய்விடும். பழைய டிக்கெட்டில் 'ஆர்4512-இல் சரிசெய்தது' என்று எழுதியிருந்தால், '@4512' என்று லாகில் கிரெப் செய்து கமிட்டைப் பிடிக்க அந்த வரிதான் ஒரே வழி. தவிர, அந்த ஆப்ஷன் ஒரே முறை இறக்குமதிக்கு மட்டும்தான். உங்களுக்கோ டீம் தொடர்ந்து கமிட் செய்யச் செய்ய ஃபெட்ச் பண்ண வேண்டியிருக்கும். வரி பார்க்க அசிங்கம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

டேக்தான் உண்மையான தலைவலி. சப்வெர்ஷனில் டேக் என்பது வெறும் ஃபோல்டர் காப்பி. அதனால் கிட் எஸ்விஎன் அதை ரிமோட் பிராஞ்சாகவே கொண்டுவரும், டிரங்கிலிருந்து ஒரு கமிட் தள்ளித் தொங்கும். அந்தக் கமிட்டின் ட்ரீயும் (மொத்த ஃபைல்களின் நிலை) அதன் பேரன்ட்டின் (முந்தைய கமிட்டின்) ட்ரீயும் ஒன்றாக இருந்தால், கிட் டேகைப் பேரன்ட்டில் போடுங்கள். அப்போதுதான் கமிட்டுக்கு அருகிலுள்ள டேகைச் சொல்லும் கிட் டிஸ்க்ரைப் சரியாக வேலை செய்யும். வேறாக இருந்தால், டேக் போட்ட பிறகும் அதில் யாரோ கமிட் செய்திருக்கிறார்கள், அல்லது பாதி ஃபோல்டரை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள். அப்போது தொங்கும் கமிட்டிலேயே டேக் இருக்கட்டும்.

பெயரின் கடைசியில் '@' போட்டு எண்ணோடு வரும் பிராஞ்ச்கள், அழித்துத் திரும்ப உருவாக்கியவை அல்லது இடம் மாற்றியவை. அதில் வேறெங்கும் இல்லாத கமிட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்கலாம்.

பில்டுக்காரன்

நன்றி. லாகில் எடுத்ததில் நான் எழுதியதைவிட இரண்டு மடங்கு பெயர் வருகிறது. அந்த 180 எம்பி டேட்டாபேஸ் டம்ப் ஃபைலை எப்போது நீக்குவது? எல்லாம் சரியாக வந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

கிளைமரம்

டேக், பிராஞ்ச் எல்லாவற்றையும் லோக்கலாக்கிய பிறகு, கிட்ஹப்புக்கு புஷ் செய்வதற்கு (ஏற்றுவதற்கு) முன். கிட்ஹப்பின் 100 எம்பி வரம்பு வரலாற்றில் எந்தக் கமிட்டில் இருந்தாலும் பொருந்தும். இன்றைக்கு அழித்தாலும் புஷ் ஏறாது.

முதலில் ஒரு புது க்ளோன் எடுங்க. அதே மெஷினில் எடுத்தால் நோ-லோக்கல் ஆப்ஷன் வேணும், இல்லாட்டி 'இது புது க்ளோன் இல்லை' என்று கிட் ஃபில்டர்-ரெப்போ (வரலாற்றிலிருந்து ஃபைல்களை நீக்கும் கருவி) மறுக்கும். முதலில் அனலைஸ் ஓட்டிப் பெருசு எதெது என்று பாருங்க, பிறகு ஸ்ட்ரிப்-பிளாப்ஸ்-பிக்கர்-தேன் 50எம் போதும். சின்ன ஜார்களைத் தொடாதீங்க, நீக்கினால் பழைய ரிலீஸ் எதுவும் பில்ட் ஆகாது. எல்லா ஹாஷும் (கமிட்டின் அடையாள எண்) மாறும் என்பதால் டீமில் யாரும் க்ளோன் எடுப்பதற்கு முன் இதை முடிச்சிடணும்.

ரீபேஸ்_வேண்டாம்

சரிபார்க்க: ஒவ்வொரு டேகையும் எஸ்விஎன் எக்ஸ்போர்ட், கிட் ஆர்கைவ் இரண்டிலும் எடுத்து டிஃப் -ஆர் ஓட்டுங்கள். எக்ஸ்போர்ட்டில் இக்னோர்-கீவேர்ட்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் '$ஐடி$' இருக்கும் ஃபைல் எல்லாம் வேறாகத் தெரியும், ஏனென்றால் சப்வெர்ஷன் அதை விரித்து எழுதும், கிட் எழுதாது. காலி ஃபோல்டரும் வேறுபாடாக வரும். அது பில்டுக்குத் தேவையென்றால் க்ளோன் எடுக்கும்போதே ப்ரிசர்வ்-எம்ப்டி-டிர்ஸ் கொடுத்திருக்க வேண்டும். எக்ஸ்டர்னல்ஸ் (வேறு இடத்திலிருந்து சப்வெர்ஷன் இழுத்துக்கொள்ளும் ஃபோல்டர்கள்) வரவே வராது, அவற்றை சப்மாட்யூலாகவோ மேவன் டிபென்டென்சியாகவோ கையால்தான் மாற்ற வேண்டும்.

மொத்தத்தையும் ஒரே ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள், எப்படியும் திரும்ப ஓட்ட வேண்டிவரும். மாற்றும் நாளில் ஸ்டார்ட்-கமிட் ஹூக்கில் (கமிட் தொடங்கும்போது சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்) 'எக்ஸிட் 1' போட்டு சப்வெர்ஷனைப் பூட்டிவிட்டு, கடைசி ஃபெட்ச், ஸ்கிரிப்ட், புஷ். பழைய சர்வரை அணைக்காமல் படிக்க மட்டும் திறந்து வைத்திருங்கள்.