ஊரே கொண்டாடுற ஆல்பம், எனக்கு மட்டும் ஏறல. உங்களுக்கு?

வெத்தலைக்கொடி:

முதல்ல என் குட்டை நானே உடைச்சிடறேன். மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைப் போட்டுக்கிட்டு மூணு தடவை தூங்கிப் போயிருக்கேன். நல்ல தூக்கம், குறை சொல்ல முடியாது.

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதுசுல டீம்ல ஒரு சீனியர் இருந்தார். பென் டிரைவை ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி ரெண்டு கையால கொடுத்தார். “ஜாஸ்னா இதுதான். கேட்டுட்டு வந்து பேசு.” கேட்டேன். ஹோட்டல் லாபியில ரூம் சாவிக்குக் காத்துக்கிட்டிருக்கும்போது பின்னாடி ஓடுமே, அப்படித்தான் இருந்துச்சு. மறுநாள் எப்படின்னு கேட்டதுக்கு “சூப்பர் சார்”னு வாய் கூசாம சொல்லிட்டேன். அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷம். அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுக்காகவே அப்பப்போ திரும்பப் போடுவேன், தூங்கிடுவேன்.

நாலஞ்சு வருஷம் போச்சு. கும்பகோணத்துல அக்கா பொண்ணு பாட்டு கத்துக்க ஆரம்பிச்சிருந்தா. நான் லீவுக்குப் போன அன்னிக்கு சாயங்காலம் பூரா கரகரப்பிரியா ஆரோகணம், அவரோகணம். காது புளிச்சுப் போச்சு. ராத்திரி பஸ் ஏறி ஹெட்ஃபோனை மாட்டினா எதேச்சையா ‘சோ வாட்’ வந்துச்சு. பேஸ் ஒரு கேள்வி கேக்குது, மத்தவங்க ரெண்டே அடியில பதில் சொல்றாங்க. அப்புறம் மைல்ஸ் ட்ரம்பெட்டை எடுக்கறார். சாஞ்சிருந்தவன் நிமிந்து உக்காந்துட்டேன். சாயங்காலம் அந்தக் குட்டி பாடின அதே ஏழு சுரம்!

அவங்க அதுக்கு டி டோரியன்னு பேர் வச்சிருக்காங்க. நம்ம கணக்குல ரெண்டு கட்டை சுருதியில கரகரப்பிரியா மேளம். ராகம்னு சொல்லிடாதீங்க, எங்க பாட்டு வாத்தியார் இருந்திருந்தா தொடையில போடற தாளத்தை என் தலையில போட்டிருப்பார். கமகம் கிடையாது, பிடி கிடையாது, சுரம் மட்டும்தான் அதே. பதினாறு பார் (நாலு அடி சேர்ந்தா ஒரு பார்) அதுல ஓடும். அப்புறம் சுருதிப்பெட்டியை எவனோ கையால தட்டிவிட்ட மாதிரி எல்லாமே ரெண்டரை கட்டைக்கு ஏறிடும். எட்டு பார். மறுபடி ரெண்டுக்கு இறங்கி எட்டு. இது சுரங்களை அப்படியே வச்சுக்கிட்டு ஆதார சுரத்தை மட்டும் மாத்தற கிரகபேதம் கூட இல்ல. கடையையே பேத்து எடுத்து அடுத்த தெருவுல வைக்கிற வேலை. அந்த முப்பத்திரண்டு பாரை எண்ணிக்கிட்டே கேட்டா ஒருத்தனாலயும் தூங்க முடியாது.

வீட்டுக்கு வந்து தம்பூரா ஆப்பை ரெண்டு கட்டையில வச்சு கூடவே ஓடவிட்டேன். சேரல. ஒரு நூல் மேலயே நிக்குது. காது கெட்டுப்போச்சுன்னுதான் நினைச்சேன். சீனியர் கொடுத்தது பழைய எல்பியிலிருந்து எடுத்த காப்பி. விஷயம் என்னன்னா, 1959 மார்ச் 2 அன்னிக்கு நியூயார்க்ல கொலம்பியா கம்பெனியோட 30ஆம் தெரு ஸ்டூடியோவுல பதிவு பண்ணின டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடினதுல பதிஞ்சதை சரியான வேகத்துல போட்டா சுருதி ஏறும். எல்பியோட முதல் பக்கத்து மூணு பாட்டும் முப்பது வருஷத்துக்கு மேல எல்லார் வீட்லயும் ஏறின சுருதியிலதான் பாடியிருக்கு. 1992 மறுவெளியீட்டுலதான் திருத்தினாங்க. ஊர் உலகமே தலையில தூக்கி வச்ச ஆல்பத்துல சுருதி சேரலைன்னு என் இலவச ஆப் சொன்னதுல எனக்கு இன்னிக்கும் ஒரு அல்ப சந்தோஷம்.

இப்பவும் முழுசா சரணடைஞ்சிடல. ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ எனக்கு இன்னமும் ஹோட்டல் லாபிதான். அதுல சாக்ஸபோன் வாசிக்கற ரெண்டு பேர்ல கோல்ட்ரேனை விட கேனன்பால் ஆடர்லியைத்தான் பிடிக்குது, மனுஷன் சிரிச்சுக்கிட்டே வாசிக்கற மாதிரி இருக்கும். ‘ப்ளூ இன் க்ரீன்’ல பில் எவன்ஸ் பியானோ வரும்போது மட்டும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். சொல்லுங்க. நல்லா இருக்குன்னு புளுகினதையும் சேர்த்துத்தான்.

நங்கநல்லூர் கஞ்சிரா:

எனக்கு நேர் எதிர் சார். பிங்க் ஃபிளாய்டோட ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ முதல் நாளே பிடிச்சுப் போச்சு. ஆனா எல்லாரும் சொல்ற காரணத்துக்காக இல்ல.

அப்போ நான் மிருதங்கம் கத்துக்கிட்டிருந்தேன். ஹாஸ்டல்ல எவனோ ‘மணி’ போட்டான். ஆரம்பத்துல காசு குலுங்கற சத்தம், கல்லாப்பெட்டி சத்தம். என் கை தானா எண்ண ஆரம்பிச்சுது. ஏழு! டேப்பை அளந்து வெட்டி ஒட்டி, சில்லறைச் சத்தத்தையே ஏழு எண்ணிக்கைக்குக் கொண்டு வந்திருக்காங்க. நம்ம மிஸ்ர சாபு ஆசாமி லண்டன்ல வேஷ்டி இல்லாம நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. சாக்ஸபோன் வரைக்கும் ஏழு. கிட்டார் தனியா எடுக்கும்போது திடுதிப்புனு நாலுக்கு மாறிடும். அங்க முதல் தடவை தாளத்தைக் கோட்டை விட்டுட்டேன். ரூம்ல யாருக்கும் தெரியல, எனக்கு மட்டும் அவமானம்.

அப்பா கதை தனி. லீவுல வீட்ல ஸ்பீக்கர்ல போட்டேன். ‘த க்ரேட் கிக் இன் த ஸ்கை’ வந்துச்சு. கிளேர் டோரின்னு ஒரு அம்மா வார்த்தையே இல்லாம தொண்டை கிழியப் பாடுவாங்க. அப்பா ஷேவிங் சோப்போட வெளிய ஓடி வந்து, “எதிர் வீட்டு மாமிக்கு என்னடா ஆச்சு?”ன்னார். பாட்டுப்பான்னேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டார். “ராகம் தெரியல, ஆனா யாரோ போயிட்டாங்கன்னு தெரியுது.” அவ்வளவுதான், உள்ள போயிட்டார். இதை விட நல்ல விமர்சனம் நான் எங்கயும் படிச்சதில்ல.

அந்த அம்மாவுக்கு அன்னிக்குக் கிடைச்ச சம்பளம் முப்பது பவுண்டு. 1973லேர்ந்து அந்த ஆல்பம் ஓடின ஓட்டத்துக்கு முப்பது பவுண்டு! 2004ல கேஸ் போட்டு, மறு வருஷம் சமரசமாகி, இப்போ இசையமைப்புல அவங்க பேரும் இருக்கு. அதுக்கப்புறம்தான் அந்தப் பாட்டை எனக்கு நிம்மதியா கேக்க முடியுது.

சாம்பார்வடை:

திட்டுங்க, பரவாயில்ல. பீட்டில்ஸோட ‘சார்ஜன்ட் பெப்பர்’ எனக்கு சர்க்கஸ் கூடாரத்துக்கு வெளிய நிக்கற மாதிரிதான் இருக்கு. 1967ல அது பெரிய சங்கதியா இருந்திருக்கும், நான் அப்போ பொறக்கல.

ஹாரிசன் லண்டன்ல இருந்த இந்திய வாத்தியக்காரங்களை வச்சுப் பண்ணின ‘விதின் யூ விதவுட் யூ’ங்கற அந்த ஒரு பாட்டு மட்டும் நின்னு கேட்டேன், மத்த மூணு பீட்டில்ஸும் அதுல வாசிக்கல. முடிஞ்ச உடனே கூட்டம் சிரிக்கிற சத்தம் வரும். நம்மளைத்தான் கிண்டல் பண்றானுங்கன்னு எனக்குக் கோவம்னா கோவம். அந்தச் சிரிப்பை வைக்கச் சொன்னதே ஹாரிசன்தானாம். கோவம் போச்சு. ஆல்பம் இன்னும் ஏறல.

ரொறொன்ரோ பனை:

நான் கனடாவுக்கு வந்தது ஒரு தை மாதம். இரவு வேலை முடிஞ்சு விடியப்புறம் ஃப்ரண்ட் வீதியால நடந்து போறனான். சிபிசி கட்டடத்துக்கு முன்னால வாங்கில ஒரு மனுசன், தொப்பியும் பெரிய கோட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார். தோளில பனி. அசைவே இல்லை. ஐயோ, விறைச்சுப் போச்சோ எண்டு கிட்டப் போய்ப் பாத்தால், வெண்கலம்! பேரை வாசிச்சன்: கிளென் கூல்ட். ஆரெண்டே தெரியாது.

பயப்படுத்தினவரை விடக்கூடாது எண்டு நூலகத்தில அவற்ற சிடி எடுத்தன். பாக்கின்ர ‘கோல்ட்பேர்க் வேரியேஷன்ஸ்’. பியானோவுக்குப் பின்னால ஆரோ முனகுற சத்தம் வருது. சிடி பழுது எண்டு கவுண்டரில கொண்டு போய்க் குடுத்தன். அங்க நிண்ட பிள்ளை சிரிச்சுப்போட்டு, “அது அவர்தான், வாசிக்கேக்க பாடுவார்” எண்டாள். எங்கட அம்மாவும் அப்பிடித்தான். தோசை சுடேக்க தேவாரம் முனகுவா, கேட்டால் நான் பாடேல்லையே எண்டுவா.

அவர் இதை ரெண்டு தரம் பதிஞ்சிருக்கிறார். 1955இல பதிஞ்சது 38 நிமிசத்தில முடியும். 1981இல பதிஞ்சது 51 நிமிசம். அதே பாட்டு, அதே ஆள். எல்லாரும் முந்தினதைத்தான் புகழுறவை, பெடியன் பறக்கிற மாதிரி எண்டு. எனக்கெண்டால் அதில மூச்சு வாங்குது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுற ஆக்களைப் போல. பிந்தினதில அவர் முதல் சுரத்தை வைச்சிட்டு அடுத்ததுக்கு அவதிப்படாமல் இருக்கிறார். ஒரு மெட்டை மாத்தி மாத்தி வாசிக்கிற முப்பது வேரியேஷனும் முடிஞ்சு, துவங்கின அதே மெட்டு கடைசியில திரும்பி வரேக்க, ஊருக்குப் போய் வீட்டுப் படலையத் திறந்த மாதிரி. எங்கட வீடு இப்ப இல்லை, அது வேற கதை.

அது பதிஞ்சு அடுத்த வருசம், 1982 ஐப்பசியில, அம்பது வயதில செத்துப்போனார். தேப்பன் காலைக் குட்டையாக்கிக் குடுத்த ஒரு கதிரையைத்தான் கடைசி மட்டும் கொண்டு திரிஞ்சவராம். இப்பவும் அந்தப் பக்கத்தால போனால் தோளில இருக்கிற பனியைத் தட்டி விட்டுட்டுத்தான் போவன்.

வெத்தலைக்கொடி:

அக்கா, உங்க பதிவைப் படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் ஓடல.

ஒண்ணு சொல்லணும். உங்க ஆள் அந்த ரெண்டு தடவையும் வாசிச்சது நியூயார்க்ல அதே 30ஆம் தெரு ஸ்டூடியோவுலதான், என் மைல்ஸ் பதிவு பண்ணின அதே கூடம். முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம். நம்ம ரெண்டு பேரும் வேற வேற வாசல் வழியா ஒரே கோயிலுக்குள்ள போயிருக்கோம்.

மதுரை வில்:

எனக்கு பாக் அறிமுகமானதே இளையராஜா வீட்லதான். ‘ஹவ் டு நேம் இட்?’, 1986. அண்ணன் வாங்கி வந்த கேசட். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம்னு போட்டிருக்கும். ரெண்டாவது பேரை நாங்க “பாச்”னுதான் படிச்சோம்.

நான் அப்போ வயலின்ல வர்ணம் வரைக்கும் வந்திருந்தேன். வி. எஸ். நரசிம்மன் வாசிக்கறதைக் கேட்டு, அது மாதிரி வில் போடணும்னு ஆசை. கேசட்டை எங்க டீச்சர்கிட்ட கொண்டு போனேன். பாதி கேட்டாங்க. “நல்லாத்தான் இருக்கு. ஆனா உக்காந்து கேக்கறதா, நடந்துகிட்டே கேக்கறதான்னு தெரியலையேடி”ன்னாங்க. நியாயமான சந்தேகம்தான். இன்னிக்கும் அதுல சில இடங்கள்ல எனக்கே அந்தச் சந்தேகம் வரும்.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ல பாக் தனி வயலினுக்கு எழுதின பார்ட்டிட்டாங்கற உருப்படி ஒண்ணு அப்படியே ஓடும், சுத்தி ராஜாவோட தந்தி வாத்தியங்கள் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வரும். ரொம்ப வருஷம் கழிச்சு மூலத்தைக் கேட்டேன், ஒத்தை வயலின். ஏமாத்தமா போச்சு! கல்யாண வீட்ல எல்லாரும் கிளம்பினப்புறம் பொண்ணு மட்டும் தனியா உக்காந்திருக்கற மாதிரி. மேல்நாட்டு இசை படிச்ச ஒரு தோழிகிட்ட இதைச் சொன்னேன், ஒரு வாரம் பேசல.

மனசாட்சியோட சொல்லணும்னா, அதை விட 1988ல வந்த ‘நத்திங் பட் விண்ட்’தான் எனக்கு மேல. ஹரிபிரசாத் சௌராசியா ஊதினா வாதம் பண்ண ஆள் கிடையாது. வயலின்காரி புல்லாங்குழலுக்கு ஓட்டுப் போட்டுட்டேன்னு டீச்சர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க.

ஒத்துக்காரர் பேரன்:

எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் நாயனம். அவங்க தம்பி பக்கத்துல ஒத்து ஊதுவார், விடாம ஒரே சுருதி. சின்ன வயசுல அவரைப் பார்த்தா பாவமா இருக்கும், ஒரே ஒரு வேலைன்னு.

கீத் ஜாரெட்டோட ‘கோல்ன் கான்சர்ட்’டை நண்பன் ஒருத்தன் போட்டான். 1975 ஜனவரி 24, ஜெர்மனியில கோல்ன் ஆப்பரா ஹவுஸ், ராத்திரி பதினொன்றரைக்கு மேல. அவர் கேட்டது பெரிய பியானோ, மேடையில இருந்தது ஒத்திகைக்கு வச்சிருந்த சின்னது. மேல கட்டைகள் கீச்சுங்குது, கீழ பலமில்ல, பெடல் சரியா வேலை செய்யல. முதுகு வலிக்குப் பட்டை வேற கட்டியிருந்தார். வாசிக்க மாட்டேன்னு கிளம்பினவரை, கச்சேரி ஏற்பாடு பண்ணின 18 வயசுப் பொண்ணு வேரா பிராண்டஸ் கெஞ்சி நிறுத்தியிருக்கு.

நண்பன் இதையெல்லாம் சொல்லிட்டுத்தான் போட்டான். எனக்கு ஞாபகம் வந்தது ஒரு திருவிழா ராத்திரி. சாமி புறப்பாடு நடுவுல தாத்தாவுக்கு சீவாளி வெடிச்சுப் போச்சு. மாத்தினது சரியா பேசல. மேல் ஸ்தாயிப் பக்கமே போகாம, கீழயும் நடுவுலயும் சுத்திச் சுத்தி தோடியை வாசிச்சு சாமியைக் கொண்டு வந்து நிலையில சேர்த்தார். அன்னிக்கு ஜனம் நின்ன மாதிரி வேற என்னிக்கும் நின்னு நான் பார்க்கல.

ஜாரெட்டும் அதையேதான் பண்றார். நடுக் கட்டைகளை விட்டு அதிகம் நகரல. இடது கை ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்கு. சின்னத் தாத்தா ஒத்து! அவரைப் பாவம்னு நினைச்சேனேன்னு வெக்கமா போச்சு. முதல் பகுதி 26 நிமிஷம், அதுல எனக்கு ஒரு நிமிஷம் கூட அதிகமா தெரியல. ரெண்டாவது பக்கத்துக்கு மேல கொஞ்சம் இழுவைதான், மறைக்க மாட்டேன். தாத்தாவும் சில நாள் இழுப்பார்.

நங்கநல்லூர் கஞ்சிரா:

சின்னத் தாத்தா ஒத்து ஊதினதுக்கு ஏதாவது பதிவு இருக்கா அண்ணா?

ஒத்துக்காரர் பேரன்:

இல்ல தம்பி. தாத்தாவோடது ஒரு கல்யாணக் கேசட் இருந்துச்சு, அதுலயும் பந்தி பரிமாறற சத்தம்தான் முன்னாடி கேக்கும்.

சாம்பார்வடை:

நேத்து ராத்திரி வெத்தலைக்கொடி பேச்சைக் கேட்டு தம்பூரா ஆப்பை ரெண்டு கட்டையில வச்சு ‘சோ வாட்’ போட்டேன். புதுப் பதிப்பு, சுருதி கச்சிதமா சேர்ந்துச்சு. கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பிச்சேன். பதினாறு பார் முடிஞ்சு அவங்க ரெண்டரைக்கு ஏறினாங்க, தம்பூரா ரெண்டுலயே நிக்குது. ரூம்லேர்ந்து வீட்டம்மா குரல்: “மிக்ஸியில என்னத்த போட்டீங்க?”