சீல் செய்த ஓட்டோ கியருக்கு ஒயில் மாற்றியவர்கள், நடந்ததை எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் கார் தானாகக் கியர் மாறுகிற ஆறு கியர் ஓட்டோ, சீல் செய்தது, அதாவது ஒயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பி இல்லாதது. உள்ளே டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். கியர் ஒயில், மீற்றரில் 1,62,000 கிலோமீற்றர். புத்தகத்தில் கியர் ஒயில் மாற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. ஐம்பது, அறுபதில் போகும்போது கல் ரோட்டில் ஓடுவது போல ஒரு நடுக்கம் வரத் தொடங்கியது. ஒரு கராஜில் "தொட்டால் கியர்பொக்ஸ் போச்சு" என்று கையை விரித்தார்கள். இன்னொரு கராஜில் மாற்றித் தருகிறோம் என்றார்கள், கொடுத்தேன்.

ஓகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி. புது ஒயில் விட்டு, நிலாவெளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு வண்டியை உயர்த்தினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மெக்கானிக் கீழே உள்ள அளவு நட்டைக் கழற்றினார். விரல் தடிப்பில் கொட்டியது. "கூடின ஒயில் போகுது தம்பி, தானா நிற்கும்" என்றார். தகரக் கூரை ஓட்டையால் விழுந்த வெயிலில் பேசினில் கிடந்த ஒயில் செவ்வரத்தம்பூ நிறத்தில் மின்னியது. கால் லீற்றருக்குக் குறையாது. அவ்வளவும் என் காசில் வாங்கிய புது ஒயில்.

மறுநாள் காலை 'டி' போட்டால் மூன்று எண்ணும் வரை அசைவில்லை. பிறகு டக் என்று இழுக்கிறது. நடுக்கம் குறைந்தது உண்மைதான், ஆனால் இந்தத் தயக்கம் முன்பு கிடையாது. நானே கெடுத்துவிட்டேனா என்று இரவில் தூக்கம் வரவில்லை.

மூதூர்க்_காற்று:
அண்ணா, வீணாகப் பயப்படுகிறீர்கள். என் டொயோட்டா அக்குவா ஹைபிரிட்டுக்கு வீட்டு முற்றத்தில் வைத்து நானே மாற்றினேன். அதுவும் சீல்தான், அதுவும் டபிள்யூ.எஸ்.தான். ஒயில் விடுகிற மேல் நட்டைத் திறந்தேன், வடிக்கிற கீழ் நட்டைத் திறந்தேன், வடிந்து முடிந்ததும் மேல் துவாரத்தின் விளிம்பு வரை புதியதை விட்டேன். ஒயில் சூட்டைக் காட்டுகிற ஸ்கானரும் இல்லை, சூடு பார்க்கவும் இல்லை. 95,000 ஓடிய ஒயில் அது. போத்தலில் ஊற்றி வெயிலுக்குப் பிடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை, கடுங்கோப்பி மாதிரி இருந்தது. அந்தப் போத்தலை இன்னும் எறியவில்லை. 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டுவேன்.

அலஸ்தோட்டம்68:
என் வண்டி 2,40,000 ஓடிவிட்டது. கியர் ஒயிலைத் தொடவே இல்லை, வெண்ணெய் போல மாறுகிறது. வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? நல்லா ஓடுகிற வண்டியைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டு, பிறகு தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். உப்புவெளித் தம்பி கோபிக்க வேண்டாம், முதல் கராஜ்காரர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

கோணமலையான்_டொரன்டோ:
அலஸ்தோட்டத்து அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் கியர்பொக்ஸ் செய்து பல கார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அந்தக் கார்களில் சிலவற்றின் புத்தகத்தில் 'ஆயுள் ஒயில்' என்று இருக்கும். ஆனால் கியர்பொக்ஸைச் செய்த இசட்.எஃப்., ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவனுக்குத் தெரியும் என்று நீங்கள் சொல்வது சரி. செய்தவன்தான் மாற்றச் சொல்கிறான்.

உங்கள் வண்டி பெரும்பாலும் ஏ6 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடியிருக்கும். டவுனுக்குள்ளேயே வெயிலில் நின்று நின்று போகிற வண்டியின் ஒயில் படுகிற பாடு வேறு.

கிண்ணியா_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். மாற்றலாமா வேண்டாமா என்று சண்டை பிடிக்கிறீர்கள், எனக்கு நடந்தது வேறு. என்னுடையது சின்ன சி.வி.டி. கார், கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ. சேர்விஸுக்கு விட்ட இடத்தில் கியர் ஒயிலும் மாற்றினோம் என்று பில்லில் போட்டிருந்தார்கள், சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். நாலாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு உம்மாவுக்கு நெஞ்சு வலி. திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் எஞ்சின் கத்துகிறது, முள் மேலே மேலே ஏறுகிறது, வண்டி மட்டும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம். "என்ன மகன் இது" என்று உம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் தோளில் இருக்கிறது.

பின்னால் வந்த த்ரீவீலர் தம்பி ஏற்றிக்கொண்டு போனார். அல்ஹம்துலில்லாஹ், உம்மா சுகம். 2009இல் பாலம் வரும்வரை பாதைப் படகுக்குக் காத்திருந்த காலத்தில்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

பிறகு திறந்தால் உள்ளே இருந்தது சாதாரண ஓட்டோ கியருக்குப் போடுகிற சிவப்பு ஒயில். சி.வி.டி.யில் இரும்புப் பெல்ட் இரண்டு கப்பிகளுக்கு நடுவே இறுகிப் பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிக்கென்றே தனி ஒயில் இருக்கிறது, மற்றதை விட்டால் வழுக்கும். டின்னைக் கண்ணால் பாருங்கள், பில்லை நம்ப வேண்டாம்.

உவர்மலை_டீச்சர்:
எஞ்சின் ஒயில் மாற்றத்தான் போனேன். பக்கத்திலேயே நின்றேன். பேசினில் சிவப்பாக விழுகிறது. "தம்பி, எஞ்சின் ஒயில் கறுப்பாகத்தானே வரும்?" என்றேன். வண்டிக்கு அடியில் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. கியர்பொக்ஸ் நட்டைக் கழற்றியிருக்கிறார். மேலே இன்னொருவர் எஞ்சினுக்கு ஊற்றப் புது டின்னைத் திறந்து கையில் வைத்திருந்தார். நான் வெளியே போய் ஃபோன் பேசிக்கொண்டிருந்தால் எஞ்சினுக்கு இரட்டை ஒயில், கியருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயதிருக்கும். திட்ட மனம் வரவில்லை. வேலை பழக்குகிறவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

சாம்பல்தீவுப்_பட்டறை:
முப்பது வருடமாகக் கராஜ் வேலை செய்தவன். என் கதை இரண்டு வரிதான். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே இரவில் யானை ரோட்டுக்கு வந்தது. 'ஆர்' போட்டேன், எஞ்சின் இரைந்தது, வண்டி அசையவில்லை. யானை காதை விரித்து நின்று பார்த்துவிட்டுத் தானாகக் காட்டுக்குள் போனது. கியர் ஒயிலை ஆற்ற ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற கூலர் குழாயில் மாதக்கணக்காகக் கசிந்திருக்கிறது. டிப்ஸ்டிக் இல்லாத வண்டி, மெக்கானிக்கான நானே கவனிக்கவில்லை. சீல் என்றால் ஒழுகாது என்று அர்த்தமில்லை.

இனி உப்புவெளித் தம்பிக்கு. நீங்கள் ஒயில் மாற்றியதில் பிழை இல்லை, அளவு பார்த்த நேரம்தான் பிழை. அந்த நட்டுக்குள் ஒரு குட்டிக் குழாய் நிற்கிறது. ஒயில் அதன் வாய்க்கு மேலே இருந்தால் வழியும், கீழே இருந்தால் வழியாது. ஆனால் அந்த உயரம் குறிப்பிட்ட சூட்டுக்கு மட்டுமே சரி. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், பலவற்றில் 40 பாகைக்குக் கிட்ட. நம் ஊரில் ஓகஸ்ட் பகல் வெயிலே 35ஐத் தொடும். ஓட்டி வந்த கியர்பொக்ஸுக்குள் 80க்குக் குறையாது. சூட்டில் ஒயில் விரியும். ஏழு லீற்றர் ஒயில் 40 பாகை கூடுதலாகச் சூடானால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு பெருகும். பெருகியதைக் கூடினது என்று நினைத்து ஊற்றிவிட்டார்கள். காலையில் ஆறிச் சுருங்கியதும் பம்ப்புக்குப் போதவில்லை, அதுதான் உங்கள் மூன்று எண்ணிக்கை.

மூதூர்த் தம்பி, உங்களுக்குச் சரிவந்த முறையை அண்ணாவுக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் ஹைபிரிட்டில் டோர்க் கன்வேட்டர் இல்லை, அதுதான் எஞ்சின் இழுவையை ஒயில் மூலம் கியருக்குக் கடத்துகிற சாமான். ஒரே வடிப்பில் அநேகமாக எல்லாம் வந்துவிடும், மேல் துவாரம்தான் அளவு. அவருடைய வண்டியில் ஏழு லீற்றரில் மூன்றுதான் கீழே வரும். மிச்சம் கன்வேட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நிற்கும். அதனால் ஒரு தடவையில் திருப்திப்படாமல் ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தடவை மாற்றினால் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும். மெஷின் வைத்து அழுத்தி அடிக்கிற ஃப்ளஷ் பழைய வண்டிக்கு வேண்டாம்.

கீழ் நட்டைத் தொடமுன் மேல் நட்டு கழறுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி அந்த இடத்திலேயே கிடக்கும். கடற்கரை ஊர், உப்புக்காற்று, நிறையப் பார்த்திருக்கிறேன். வடிந்ததை அளந்து வையுங்கள். கியர்பொக்ஸின் அடித்தட்டான பானைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை. நகத்தில் தட்டுப்படுகிற உலோகத் துண்டு இருந்தால் ஒயில் மாற்றி மருந்தாகாது.

அலஸ்தோட்டத்து ஐயா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே வழுக்குகிற கியர்பொக்ஸுக்குக் கடைசி நேரத்தில் ஒயில் மாற்றி, அடுத்த வாரம் நின்றுபோய், பழி ஒயிலுக்குப் போன வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். ஐயாவின் வண்டி வழுக்கவில்லை. இப்போது மாற்றுவதுதான் நல்லது.

தம்பி, இரவு முழுக்க வண்டியை ஆறவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு ஸ்கானரோடு வருகிறேன். நம் ஊரில் 40 பாகை சில நிமிடத்தில் கடந்துவிடும், எல்லாம் கைக்கெட்ட இருக்க வேண்டும்.

உப்புவெளிக்காரன்:
சாம்பல்தீவு அண்ணா இன்று காலை வந்தார். முதலில் மேல் நட்டு. பிறகு எஞ்சினைப் போட்டு எல்லாக் கியரிலும் ஒவ்வொரு தடவை வைத்து எடுத்தார். ஸ்கானரில் 31, 34, 38 என்று ஏறியது. 40இல் கீழ் நட்டைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நான் கைப்பம்ப்பால் கொஞ்சம் கொஞ்சமாக விட, அவர் டோர்ச் பிடித்துக் கீழே படுத்திருந்தார். 350 மில்லி உள்ளே போன பிறகு நூல் போல ஒன்று இறங்கி, பிறகு துளித் துளியாக மாறியது. "போதும், மூடு" என்றார். ஸ்கானரில் 43.

'டி' போட்டதும் உடனே இழுக்கிறது. நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1,000 கிலோமீற்றர் ஓடிவிட்டு இரண்டாம் தடவை மாற்றியதும் எழுதுகிறேன்.